வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கச்சேரி நடப்பது வழக்கம். மேடை கிடையாது. பொதுவாக மிருதங்கமும் கிடையாது. தனம்மாள் விரல் நுனியால் தந்தியை மீட்டி, மெல்லிய குரலில் கூடவே பாடுவார். எதிரே அமர்ந்திருப்போர் சிறு ஓசையும் எழுப்பாமல் கேட்டனர். அப்படிக் கேட்டவர்களில் பெயர்பெற்ற வித்துவான்களும் உண்டு. வீணையின் நாதம் அவ்வளவு சன்னமானது. அருகிலிருந்து கேட்டால்தான் அதன் கமகங்கள் முழுதாகக் காதில் விழும்.

தனம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். முன்னோர் தஞ்சை அரசவையோடு தொடர்புடையவர்கள். பாட்டி காமாட்சி நாட்டியக் கலைஞர். தாய் சுந்தரம்மாள் பாடகி. சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் தனம்மாள் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றார். பாலதாஸ் என்ற பார்வையற்ற இசைக்கலைஞரிடம் க்ஷேத்ரய்யர் பதங்களைப் பாடம் செய்தார். இந்த இரண்டு பாடங்களும் ஒரே கையில் சேர்ந்ததே அவ்வீட்டு இசையின் தனித்தன்மை என்று சொல்லலாம்.

கீர்த்தனை பக்திக்கும் இராக விரிவுக்கும் உரியது. பதம் வேறு வகை. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரய்யர் தெலுங்கில் இயற்றிய பதங்கள் நாயகியின் காதலையும் ஊடலையும் பேசுபவை. சதிராட்டத்தில் அபிநயத்துக்காகப் பாடப்பட்டவை. நடை மிக மெதுவானது. ஆடுபவர் ஒரே வரியைப் பல கோணங்களில் அபிநயிக்க, பாடுபவரும் அதைத் திரும்பத் திரும்பப் பாடுவார். பல பதங்களை அனுபல்லவியிலேயே தொடங்குவார்கள். ஜாவளி இதற்கு நேர்மாறு: துள்ளலும் சிங்காரமும் நிறைந்த சிறு பாட்டு, காபி, பெஹாக், பரஸ் போன்ற இராகங்களில் வருவது. தருமபுரி சுப்பராயர் இயற்றிய ஜாவளிகள் பல இக்குடும்பத்தின் வழியாகவே பிற்காலத்தாருக்குக் கிடைத்தன.

சதிரில் ஆட்டத்தோடு வரும் பாட்டை ஆட்டமில்லாமல் வீணையில் வாசித்தால் அபிநயம் என்னவாகும்? கைமுத்திரை செய்ய வேண்டிய வேலையைக் கமகமே செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் தனம்மாள் பாணியில் சங்கதிகளைவிட ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் இழைவுக்கு முதலிடம். இதை வீணை நுட்பம் என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது. நாட்டியத்தின் சாரம் அதனுள் இருந்தது.

இதே காலத்தில் வெளியே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1890களில் சென்னையில் சதிருக்கு எதிரான இயக்கம் வலுத்தது. வீட்டுக் கச்சேரியும் ஆட்டமும் நடத்திய இசை வேளாளர் குலப் பெண்கள் இழிவாகப் பேசப்பட்டனர். 1947இல் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. மறுபுறம் சபாக்கள் பெருகின. மியூசிக் அகாடமி 1928இல் உருவானது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை பரவியபோது, பதமும் ஜாவளியும் கடைசியில் பாடும் ‘துக்கடா’ வரிசைக்குப் போயின. பெண்களின் வீடு பழிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அவ்வீடுகளில் ஒன்றைத் தேடி வித்துவான்கள் பாடம் கேட்கப் போனார்கள். நம் இசை வரலாறு அதிகம் பேசாத முரண் இது.

தனம்மாளின் இசைத்தட்டுகள் 1932 அளவில் வெளிவந்தன. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிவாகும். ஒரு பதத்தை நிதானமாக விரிக்க அது போதாது. எனவே அத்தட்டுகளைக் கேட்பவர் அந்த வெள்ளிக்கிழமைகளைக் கேட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கலவை அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. மகள் ஜெயம்மாளின் மகளான த. பாலசரஸ்வதி ஆடினார், ஜெயம்மாள் அவருக்குப் பாடினார். பாலசரஸ்வதியின் தம்பியரில் விஸ்வநாதன் புல்லாங்குழலும் ரங்கநாதன் மிருதங்கமும் வாசித்தனர். மற்றொரு மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்றனர். லயக் கணக்குக்கும், பல தாளவாத்தியங்கள் சூழப் பாடும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிக்கும் பேர்போனவர் அவர். பாட்டியின் வீட்டில் மிருதங்கமே அரிது! இரண்டையும் உள்வாங்கிய பிருந்தா பதங்களில் கணக்கைக் காட்டவில்லை. ஆனால் அந்தத் தாமத நடையிலும் தாளம் தளர்வதில்லை.

இராமநாதபுரம் கிருஷ்ணன், அருணா சாய்ராம் போன்றோர் பிருந்தாவிடம் பதம் பயின்றனர். விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். விஸ்வநாதனிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ், சென்னையில் கர்நாடக இசைக் கச்சேரி செய்தார்.