கடலடிக் கம்பியும் தாபான் மரமும்

செய்தி செல்லும் வழி எவர் கையில் இருக்கின்றதோ, அவர் கையிலேயே வாணிகமும் ஆட்சியும் சென்று சேரும். இஃது வரலாறு காட்டும் உண்மை. இணைய வசதி உள்ளோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையே உள்ள பிளவை ‘மின்னிலக்க இடைவெளி’ என்கின்றனர். இப்பெயர் 1990ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்தது. பெயர் புதிது, பிளவு பழையது. அதன் வேர்களுள் ஒன்று மலாயாக் காட்டிலேயே இருந்தது என்பதைப் பலர் அறியார்.

காட்டு மரத்தின் பால்

தாபான் என்பது மலாயா, சுமத்திரா, போர்னியோக் காடுகளில் வளரும் மரம். அதன் பால் உறைந்தால் கெத்தா பெர்ச்சா என்னும் பொருளாகும். வெந்நீரில் இட்டால் இளகும்; ஆறினால் இறுகும். மலாய் மக்கள் பாராங் கத்திக்கு இதனால் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரியை இலண்டனுக்குத் தெரியப்படுத்தினார். மின்சாரம் இதனூடே கசியாது. கடல்நீரில் இது கெடாது. ஆதலின், நீருக்கடியில் இடும் தந்திக் கம்பிக்கு உறையாக இதனினும் சிறந்த பொருள் அக்காலத்தில் இல்லை. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பியும், 1866இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து நிலைபெற்ற கம்பியும் இவ்வுறை பூண்டவையே.

ரப்பர் மரத்தைச் சீவி நாள்தோறும் பால் எடுக்கலாம், மரம் வாழும். தாபான் மரத்துப் பாலோ மெல்லக் கசிந்து விரைவில் உறைந்துவிடும். எனவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலைத் திரட்டினர். 1845 முதல் 1847இன் நடுப்பகுதி வரை சிங்கப்பூர் வழியே ஏற்றுமதியான சரக்கிற்காக ஏறத்தாழ 69,000 மரங்கள் வீழ்ந்திருக்கும் என்று, அங்கு மருத்துவராயிருந்த தாமஸ் ஆக்ஸ்லி கணக்கிட்டார். காட்டினுள் சென்று மரத்தை வெட்டியோர் மலாய்க்காரரும் பழங்குடி மக்களும் ஆவர். உலகை இணைத்த கம்பிக்கு இவர்கள் உழைப்பு உறையாயிற்று. ஆனால் அக்கம்பி வழியே இவர்கள் குரல் ஒருநாளும் சென்றதில்லை.

தந்தி எவருக்குப் பயன்பட்டது?

1866இல் அட்லாண்டிக் வழியே ஒரு தந்தி அனுப்பத் தொடக்கக் கட்டணம் 20 பவுன். இங்கிலாந்தின் கைத்தொழிலாளிக்கே அது பல வாரக் கூலி. 1871இல் சென்னை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூரும் இலண்டனுடன் இணைந்தது. கப்பலில் வாரக்கணக்காக வந்த செய்தி விரைந்து வரலாயிற்று. வங்கியும் வாணிக நிலையமும் அரசு அலுவலகமும் அவ்விரைவால் பயனடைந்தன. பின்னாளில் இலண்டன் சந்தையின் ரப்பர் விலையைத் தோட்டங்களை நிருவகித்த நிறுவனங்கள் தந்தி மூலம் அறிந்தன. அந்த ரப்பரைச் சீவிய தமிழ்த் தொழிலாளியோ ஊர்க் கடிதத்திற்குக் கப்பலையே எதிர்நோக்கினான். தன் கூலிக்கு அடிப்படையான விலையைத் தான் அறியாதிருந்தால், ஒருவன் எவ்வாறு அக்கூலியைப் பற்றிப் பேச முடியும்?

செய்தி நிறுவனங்களும் உலகைப் பங்கிட்டுக் கொண்டன. 1870இல் ராய்ட்டர், அவாஸ், வொல்ஃப் என்னும் மூன்றும் செய்த உடன்படிக்கையில் பிரிட்டிஷ் பேரரசும் கீழை நாடுகளில் பெரும்பகுதியும் ராய்ட்டரின் பங்காயின. ஆசிய நாட்டினர் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியவும் ஐரோப்பியரின் நிறுவனம் இடைநின்றது.

சட்டம் செய்த மாற்றம்

கம்பி நீண்டதனால் மட்டும் பிளவு குறைந்ததா? இல்லை. அதே 1870இல் பிரிட்டனில் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்கும். உள்நாட்டுத் தந்தி அதுவரை தனியார் கையில் இருந்தது. ஆதாயம் மிகுந்த நகரங்களையே அவர்கள் நாடினர். அவ்வாண்டு அஞ்சல் துறை அதனை ஏற்றது. தொலைவு எதுவாயினும் 20 சொற்களுக்கு 1 ஷில்லிங் என்று ஒரே கட்டணம் வந்தது. சிறு ஊர்களுக்கும் தந்தி சென்றது. கம்பியும் கருவியும் முன்பிருந்தவையே. மாறியது சட்டம். குடியேற்ற நாடுகளின் ஏழைகளை அந்நோக்கு எட்டவில்லை.

நூறாண்டு கடந்தும் நிலை பெரிதும் மாறவில்லை. சர் டொனால்டு மெயிட்லண்டு தலைமையில் அமைந்த அனைத்துலக ஆணையம் 1984இல் தன் அறிக்கையை அளித்தது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் உள்ள தொலைபேசிகளைவிடத் தோக்கியோ நகரில் மட்டும் மிகுதியாக உள்ளன என்று அது கூறிற்று. 2023இல் உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேர் இணையத்திற்கு வெளியே இருந்தனர் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மதிப்பீடு.

தாபான் மரத்தின் தேவை தீர்ந்துவிட்டது. 1940களுக்குப் பின் பாலித்தீன் அதன் இடத்தைப் பற்றியது. இன்றைய கடலடிக் கம்பியினுள் ஒளி செல்லும் கண்ணாடி இழை இருக்கின்றது. அக்கம்பிகள் பல சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கரையேறுகின்றன. எனினும் 2020இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலேசியக் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 100 மாணவர்க்கு ஏறத்தாழ 37 பேரிடம் கைப்பேசி, கணினி முதலிய கருவி எதுவும் இல்லை என்று தெரிய வந்தது. கம்பி கடலைக் கடந்து வந்தது. பாடம் பிள்ளையின் வீட்டு வாயிலைக் கடக்கவில்லை.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பின்தங்கிய பகுதிகளுக்கும் தொடர்பு வசதி செல்ல ஒரு பொது நிதிக்கு வழி செய்துள்ளது. 1870இன் பாடத்தை நினைவூட்டும் ஏற்பாடு இது. வழியிருந்தும் கேட்பார் இல்லையேல் பயனில்லை. எப்பள்ளிக்கு இணைப்பு வந்தது, எவ்வீட்டுப் பிள்ளைக்குக் கருவி இல்லை என்பதை அருகிருந்து அறிந்தோர் ஆசிரியரே. அவற்றைக் கணக்கெடுத்து எழுதி உரிய இடத்தில் முறையாகக் கேட்பது அவர்தம் கடன். மரத்தை வெட்டியவர்க்கும் பால்மரம் சீவியவர்க்கும் அன்று அவ்வாறு கேட்டுத் தர எவரும் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் அக்குறை நேர விடலாகாது.