கால் ஆர்மோனியம் முதல் மிடி கால்பலகை வரை

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கைக்கும் வாய்க்கும் தரும் இடத்தைக் காலுக்குத் தருவதில்லை. ஆயினும் தமிழர் மேடையில் காலுக்கும் ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூரில் தனியொருவராய் நின்று பாடி வாசிக்கும் இளைஞர், தம் காலடியில் எக்கருவியை வைப்பது என்று இன்று ஆராயும்போது, அவ்வரலாறு அவருக்குப் பெரிதும் பயன்படும்.

பாரிஸ் நகரத்து அலெக்சாண்டர் டெபேன் 1840-களின் தொடக்கத்தில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். நாற்காலியில் அமர்ந்து, கால்களால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்கும் கருவி அது. நம் நாட்டுப் பாடகரோ தரையில் அமர்பவர். ஆதலின் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் துருத்தியைப் பெட்டியின் பின்புறம் அமைத்துக் கையால் இயக்குமாறு செய்தார். கருவி இலேசாயிற்று, ஆனால் ஒரு கை துருத்திக்கே போயிற்று.

தமிழ் நாடக மேடை கால் ஆர்மோனியத்தை எளிதில் கைவிடவில்லை. காரணம் வெளிப்படை. வாசிப்பவருக்கு இரு கைகளும் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சுரம் எட்ட வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டோடு அவர் சகோதரர் காசி ஐயரின் ஆர்மோனியமும் சேர்த்தே பேசப்பட்டது. சுமப்பதற்கு எளிமையா, கைக்கு விடுதலையா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. நிலைத்த சுரங்களையுடைய கருவி கமகத்துக்கு இடம் தராது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது.

இனி, லூப்பிங் எனப்படும் சுழல் வாசிப்பைக் காண்போம். வாசித்த ஒரு பகுதியை அங்கேயே பதிவு செய்து, அது மீண்டும் மீண்டும் ஒலிக்க, அதன்மேல் அடுத்த பகுதியை வாசிப்பதே இம்முறை. 1960-களில் அமெரிக்க இசைஞர் டெரி ரைலி இரண்டு ஒலிநாடாப் பொறிகளை இணைத்து இத்தகைய வாசிப்பை நடத்தினார். 1983-இல் மிடி என்னும் பொதுமுறை வந்தது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். மிடி ஒலியைச் சுமப்பதன்று. "இதைத் தொடங்கு, இதை நிறுத்து" என்னும் கட்டளையைச் சுமப்பது. சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, வீட்டுக் கணினிக்கு இசை ஒலியோடு மிடி இணைப்பு வசதியையும் தந்தது.

இவ்வாறு கைகள் மீண்டும் நிறைந்தன. கட்டளையிடும் வேலை காலுக்கு வந்தது. கால்பலகையைத் தேர்வோர் மூன்றினை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, எடை. பெஹ்ரிங்கர் எஃப்சிபி 1010 என்னும் பலகையில் பத்து விசைகளும் இரண்டு மிதிகளும் உண்டு. ஆனால் அது பருத்தது, சுவர் மின்சாரம் வேண்டுவது. பெருவிரைவு ரயிலில் கித்தாரோடு செல்பவருக்கு அது ஏற்றதன்று. கணினியின் யூஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் பெறும் சிறு பலகை போதும்.

இரண்டாவது, விசைகளின் எண்ணிக்கை. பதிவு, நிறுத்தம், அழிப்பு, அடுத்த தடம் ஆகிய நான்கும் தனித்தனி விசையில் அமைதல் நன்று. ஒரே விசைக்கு இரு வேலை தந்தால், இருட்டு மேடையில் கால் தடுமாறும்.

மூன்றாவதே தலையாயது: காலம் தவறாமை. சில பலகைகள் விசையை அழுத்தும்போது அன்றி, காலை எடுக்கும்போதே கட்டளை அனுப்பும். கம்பியில்லா இணைப்பிலும் சிறு தாமதம் நேரலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நிமிடத்துக்கு 80 வீதம் போட்டால் ஓர் ஆவர்த்தனம் 6 விநாடி. சுழலை மூடும் கட்டளை விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தினால், இருபது ஆவர்த்தனத்தில், அதாவது இரண்டே நிமிடத்தில், ஒரு விநாடி பிசகும். அது ஓர் எண்ணிக்கைக்கும் மேல்! கணினியே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு என்பர். மெய்தான், ஆனால் அப்போது பக்கத்தில் அமர்ந்த மிருதங்கக்காரர் பாடகரை விட்டுப் பொறியைப் பின்பற்ற நேரும்.

ஆர்மோனியத்தின்மீது அன்று எழுந்த குற்றச்சாட்டு சுரத்தைப் பற்றியது; இன்று எழக்கூடியது தாளத்தைப் பற்றியது. ஆர்மோனியம் பிழைத்தது, அதன் எல்லையை அறிந்து வாசித்தவர்களால். ஆகவே வாங்குமுன் கடையிலேயே பலகையைக் கணினியோடு இணைத்து, கையால் தாளம் போட்டபடி, ஒரே சுழலை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கை சமத்துக்கு வரும்போது சுழலும் சமத்துக்கு வருமாயின், அப்பலகையை நம்பி மேடை ஏறலாம்.