வாசலில் முடியும் போர்: தமிழ்த் திரைப்படத்தில் படைவீரன் வீடு திரும்பும் வழி (1945–2024)

முல்லைப்பாட்டின் 103 அடிகளில் நப்பூதனார் இரண்டு இடங்களைக் காட்டுகிறார். ஒன்று, கார்காலம் தொடங்கியும் கணவன் வராத வீடு. மற்றொன்று, முல்லை நிலத்தில் அவன் தங்கியிருக்கும் பாசறை. பாட்டு முடியும்போது தேர்க்குதிரைகளின் ஒலி தலைவியின் காதில் விழுகிறது. நெடுநல்வாடையின் 188 அடிகளிலும் இதே பிரிவுதான். ஆனால் அங்கே தலைவன் வரவில்லை. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி பாசறையிலேயே நடக்கிறான். போர்க்காலக் காதலுக்குத் தமிழ் வகுத்த இரண்டு முடிவுகள் இவை: ஒருவன் திரும்பி வருகிறான், ஒருவன் வரவில்லை. இரண்டு பாட்டிலும் காத்திருப்பவளின் இரவு போர்க்களத்துக்கு நிகரான இடத்தைப் பெறுகிறது.

பேசும்படம் வந்தபின் இந்தப் பழைய பிரிவு எப்படித் திரைக்கு ஏறியது, வீட்டுக்கு வரும் வழி எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திரையில் வீரன் வீடு திரும்புவது, அவன் யாருடைய போரில் நின்றான் என்பதைப் பொறுத்து மாறியிருக்கிறது. போர் அந்நியருடையதாக இருந்தபோது வீடு கதைக்கு வெளியே நின்றது. போர் நம்முடையதான பிறகே காத்திருந்த பெண்ணின் குரல் கதைக்குள் வந்தது.

ஏரியிலிருந்து ஏற்காட்டுச் சாலைக்கு

இந்த வரலாற்றைச் சேலத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. நகருக்குத் தெற்கே, ஜருகுமலையின் பக்கம் இருக்கிறது பனமரத்துப்பட்டி. ஆங்கிலேயர் காலத்தில் சேலத்தின் குடிநீருக்கு இவ்வூர் ஏரி ஆதாரமானது. நகரின் மறுபுறம், ஏற்காட்டு அடிவாரத்துக்குச் செல்லும் சாலையில், திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். ஊர் ஏரியின் தண்ணீர் சேலத்துக்குப் போயிற்று. சேலத்தில் எடுத்த படங்கள் டூரிங் டாக்கீஸ் வழியாக ஊர்களுக்கு வந்தன. 1937இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. இன்று அதன் முகப்பு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

சேலம் மாவட்டத்துக்குக் கடல் கடந்த போர் தொலைவுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களில் இம்மாவட்டத்தார் கணிசமானவர்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. அதன்பின் கடிதப் போக்குவரத்து அறுந்தது. அக்கரையில் பிள்ளையையோ கணவனையோ விட்டிருந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் முல்லைத்திணைக்குள் வந்துவிட்டன.

‘பர்மா ராணி’: வீடில்லாத வழி

போர் திரைத்துறையை முதலில் தொட்டது படச்சுருளின் வழியே. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் 1942இல் ஒரு படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று அரசு வரம்பு விதித்தது. ஓடும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பாட்டும் கிளைக்கதையுமாக அதைவிட மிக நீண்ட படங்களுக்குப் பழகிய துறைக்கு இது பெரிய சுருக்கம். 1943இல் பிலிமுக்கு உரிமம் வந்தது. அடுத்து, உரிமம் வேண்டுவோர் போர் முயற்சிக்கு ஆதரவான படங்களையும் எடுக்க வேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’ (1945) ஆகியவை இச்சூழலில் பிறந்தவை.

‘பர்மா ராணி’யைச் சுந்தரமே இயக்கினார், ஜப்பானிய அதிகாரியாகவும் அவரே நடித்தார். ஹொன்னப்ப பாகவதர் நாயகன், கே. எல். வி. வசந்தா நாயகி. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினர், ராணி என்னும் பெண்ணின் துணையோடு தப்பித் தாயகம் சேர முயல்வது கதை. தமிழ்ப்படத்தில் நவீனப் போர்வீரன் வீடு திரும்பும் வழி இங்கேதான் முதலில் விரிவாக வரையப்படுகிறது.

ஆனால் அந்த வழியின் முடிவில் வீடு இல்லை. காதலி காத்திருப்பவள் அல்லள். பகைநாட்டுக்குள் வீரனோடு சேர்ந்து ஓடுபவள். பெண்ணைச் செயலுக்கு உரியவளாக்கியது படத்தின் துணிவு. அதற்குக் கொடுத்த விலை, ஊரில் இருக்கும் தாயும் மனைவியும் கதையில் எடை இழந்தது. அரசு கேட்டது வீரத்தின் படத்தை. பிரிவின் படத்தை அது கேட்கவில்லை. அதே ஆண்டுகளில் மலேயா, பர்மாத் தமிழ் இளைஞர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் எதிர்ப்பக்கம் நின்றார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்த வழியைக் காட்ட 1945இன் தணிக்கை இடம் தந்திருக்காது.

நடந்து வந்தவர்களும் நியாயம் கேட்டவளும்

விடுதலைக்குப் பின் முதலில் திரைக்கு வந்தது படைவீரனின் பயணமன்று, அகதியின் பயணம். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது குண்டு விழுந்த பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யின் வேர் இந்த நெடுவழியில் இருக்கிறது. ரங்கூனில் வாழும் மூன்று அண்ணன்மார், மதுரையில் தங்கை, நடுவில் போர். எஸ். எஸ். இராஜேந்திரன் ஏற்ற ஞானசேகரன் கால் இழந்து ஊர் சேர்கிறான். சிவாஜி கணேசனின் குணசேகரன் தாயகத்தில் இறங்கியபின்தான் உண்மையில் வழி தவறுகிறான். சேலத்தில் ‘மந்திரி குமாரி’க்கு எழுதிய மு. கருணாநிதியின் வசனம், திரும்பி வந்தவனை நாடு எப்படி வரவேற்றது என்ற கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டு போயிற்று. வீடு சேர்வது வேறு, வீட்டைக் காண்பது வேறு என்று தமிழ்த்திரை இங்கே கற்றுக்கொண்டது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘அந்த நாள்’ (1954) போரை வாசலுக்குள்ளேயே கொண்டு வந்தது. 1943 அக்டோபர் 11இல் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த வேளையைக் களமாக்கி, பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த படம் அது. பகைவனுக்கு இரகசியம் விற்ற கணவனைக் கொன்றவள் காதலித்து மணந்த மனைவி. பண்டரிபாயின் உஷாவிடம் காத்திருப்பு தீர்ப்பாக மாறியது. போர்க்காலக் காதலில் பெண்ணுக்குத் தனி மனச்சாட்சி உண்டு என்பதை இப்படம் நிறுவியது.

விடுப்பில் வந்த மகன்

1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் நிலைமையை மாற்றின. இப்போது போர் நம் எல்லையில், சீருடை நம்முடையது. கண்ணதாசன் உருவாக்கிய ‘இரத்தத் திலகம்’ (1963) காதலர் இருவரையும் எல்லையின் இரு பக்கத்தில் நிறுத்தியது. சிவாஜி, சாவித்திரி இருவருமே வீடு திரும்பவில்லை. நெடுநல்வாடையின் முடிவைவிடவும் கடுமையான முடிவு இது.

வீடு திரும்பும் வழியையே முழுக்கதையாக்கிய படம் பி. புல்லையாவின் ‘தாயே உனக்காக’ (1966). இதன் மூலம், சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராய் 1959இல் எடுத்த ‘ஒரு படைவீரனின் கதைப்பாடல்’. அந்த ருசியப் படத்தில் 19 வயது வீரன் அல்யோஷா இரண்டு டாங்கிகளை வீழ்த்துகிறான். பதக்கத்துக்குப் பதிலாக, தாயைக் கண்டு வீட்டுக்கூரையைச் சரிசெய்ய விடுப்புக் கேட்கிறான். கிடைப்பது ஆறு நாள். வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் உதவி உதவியே நாட்கள் கரைகின்றன. சரக்கு ரயிலில் சூரா என்ற பெண்ணோடு அரும்பும் காதலும் சொல்லப்படாமலே பிரிகிறது. தாயை அவன் காண்பது சில நிமிடங்கள்தான். அவன் இனி வரமாட்டான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

தமிழில் அந்த வீரனாக நடித்தவர், திரைக்கு வந்து ஓராண்டே ஆன சிவகுமார். சிவாஜி, பத்மினி, ஜெயலலிதா போன்ற பெருநட்சத்திரங்கள் சிறு வேடங்களில் வந்து போனார்கள். நாயகனைச் சுற்றியே கதை சுழலும் மரபில் இது அரிய அமைப்பு. பெரிய முகங்கள் வழித்துணையாக, புதிய முகம் பயணியாகிறது. படைவீரன் யாரோ ஒரு தாயின் பிள்ளை, நம் தெருப் பையன் என்ற உணர்வுக்கு இதைவிடப் பொருத்தமான நடிகர் தேர்வு இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 10இல்தான் சோவியத் மண்ணின் தாஷ்கண்டில் இந்தியா, பாகிஸ்தான் போர் உடன்பாட்டில் முடிந்தது. அதே நாட்டின் கதையில் தமிழ்ப் பார்வையாளர் தம் பிள்ளைகளைக் கண்டார்கள்.

சொல்பவள் மனைவி

1945இல் காட்ட முடியாத வழி 1996இல் ஷங்கரின் ‘இந்தியன்’ படத்தில் வந்தது. நேதாஜியின் படையில் சேரும் சேனாபதியும் ஊரில் காத்திருக்கும் அமிர்தவல்லியும் முல்லையின் பழைய இணையர். நாட்டின் விடுதலையும் கணவனின் வருகையும் அவளுக்கு ஒரே நிகழ்ச்சி.

மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ (2017) வேறொரு கேள்வியை எழுப்பியது. 1999 கார்கில் போரில் சிறைப்பட்டு ராவல்பிண்டியில் அடைபட்ட விமானி வருண், தப்பி வருகிறான். எல்லையைக் கடப்பதைவிட, தான் காயப்படுத்திய லீலாவின் முன் நிற்பதே அவனுக்குக் கடினம். காத்திருக்கும் கடமை பெண்ணுக்கு உண்டு என்று இப்படம் எடுத்துக்கொள்ளவில்லை. வருபவன் தகுதியோடு வர வேண்டும் என்கிறது.

ராஜ்குமார் பெரியசாமியின் ‘அமரன்’ (2024) இவ்வளர்ச்சியின் நிறைவான கட்டம். 2014 ஏப்ரல் 25இல் காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை, அசோக் சக்ரா விருதைப் பெறப் புறப்படும் மனைவியின் நினைவாகப் படம் சொல்கிறது. சாய் பல்லவி நடித்த அந்த மனைவி பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறாள். நப்பூதனாரின் தலைவி தேரொலிக்குக் காது கொடுத்தாள். இவள் கைப்பேசி ஒலிக்கக் காத்திருக்கிறாள்.

முடிவுரை

சேலத்து ‘பர்மா ராணி’யில் கதையைச் சொன்னது அரசுக்குத் தேவைப்பட்ட வீரம். ‘பராசக்தி’யில் அகதி பேசினான். ‘அந்த நாள்’ மனைவியின் மனச்சாட்சியைக் கேட்டது. ‘தாயே உனக்காக’ தாயின் வாசலை நோக்கிப் போயிற்று. ‘அமரன்’ முழுக்கதையையும் மனைவியின் வாயில் வைத்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் கேமரா விமானத்திலிருந்து இறங்கி, நடந்து, ரயிலேறி, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் போர்ப்படங்களைச் சண்டைக்காட்சிகளால் அளப்பது ஆய்வுக்குப் போதாது. வருகைக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பவருக்குப் படம் எவ்வளவு நேரம் தருகிறது என்பதே சரியான அளவுகோல் என இக்கட்டுரை கருதுகிறது.

அந்த அளவுகோல் புதிதன்று. பாசறைக்கும் வீட்டுக்கும் சம உரிமை தந்த முல்லைப்பாட்டு அதை நமக்கு முன்பே தந்திருக்கிறது. பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களில், விடுப்பில் வரும் பிள்ளைக்காகப் பேருந்து நிற்கும் இடம்வரை வந்து நிற்கும் தாய்க்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.