தலைக்கட்டில் சேராதவர்களின் கணக்கு

கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது ஊரில் தலைக்கட்டு எண்ணுவார்கள். பல ஊர்களில் அந்தக் கணக்கில் சேரி இன்றும் கிடையாது. நாங்களும் வரி கட்டுகிறோம் என்று நம் மக்கள் முன்வந்தால் வாங்க மறுக்கிறார்கள். வரியை வாங்கிவிட்டால் தேர் வடத்தில் கை வைக்கும் உரிமையையும் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்கில் சேர்ப்பதென்றால் பங்கு கொடுப்பது என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால், அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னால் உள்ள நம் வரலாறும் புரியும், அந்தக் கணக்குகளை நாம் ஏன் இணையத்தில் தேடிப் படிக்க வேண்டும் என்பதும் புரியும்.

நாடு முழுவதும் ஒரே காலத்தில் தலை எண்ணும் வேலையை வெள்ளையர் அரசு 1881-ல் செய்தது. தன் நிர்வாகத்துக்காகத்தான் செய்தது. ஆனால் நம் முன்னோடிகள் அந்தப் படிவத்தையே போராட்டக் களமாக்கினார்கள். 1891 கணக்கெடுப்பில் சாதியற்ற திராவிடர் என்று பதியுங்கள் என நம் மக்களிடம் பண்டிதர் அயோத்திதாசர் அறைகூவல் விடுத்தார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல், பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத ஆணை வந்தது. அரசுப் பதிவேட்டில் நம் பெயரை யார் எழுதுவது என்பதும் அன்றைக்கு அரசியல்தான்.

ஓர் அரசு அறிக்கை என்ன செய்யும் என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலையையும் அடிமைக்கு நிகரான வாழ்க்கையையும் 1891-ல் அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த ஆணைகளின் வழியாகத்தான் பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலங்கள் நம் மக்களுக்கு வந்தன. அதே மாவட்டத்தில் 1994-ல், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் நம் தோழர்கள் இருவர் உயிரிழந்தார்கள். நூறாண்டுக்கு முந்தைய அந்தக் காகிதம் இல்லையென்றால், இது எங்கள் நிலம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் ஏது?

எண்ணிக்கைக்காக நடந்த மிகப் பெரிய சண்டை 1932-ல் வந்தது. ஹட்டன் தலைமையில் நடந்த 1931 கணக்கெடுப்பு முடிந்திருந்தது. யாருக்கு வாக்குரிமை, யாருக்கு எத்தனை இடம் என்று ஆராய லோதியன் குழு வந்தது. புரட்சியாளர் அம்பேத்கரும் அதில் உறுப்பினர். அதுவரை தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்பதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும், எங்கள் மாகாணத்தில் தீண்டாமையே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஐக்கிய மாகாணத்தில் கணக்கெடுப்பு ஒரு கோடிக்கு மேல் என்று காட்டியதை, மாகாணக் குழு சில லட்சமாகச் சுருக்கியது. அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. தனிக் குறிப்பு எழுதிக் குழுவிடம் கொடுத்தார். அவர் கையில் இருந்தது அதே அரசின் புள்ளிவிவரம்தான்.

அன்று அவர் கட்டுக்கட்டான அறிக்கைகளில் தேடியது இன்று நம் கைப்பேசியில் திறக்கிறது. ஆனால் எதை, எங்கே, எப்படிப் பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

முதலில் உங்கள் மாவட்டத்தின் கணக்கெடுப்புக் கையேட்டை எடுங்கள். சென்சஸ் இந்தியா தளத்தில் 'டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக்' என்று தேடினால் 2011-ஆம் ஆண்டுக் கையேடு பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். ஏ பகுதியில் ஊர்வாரியாகப் பள்ளி, குடிநீர், மருத்துவமனை, சாலை வசதிகள் இருக்கும். பி பகுதியில் ஊர்வாரியாக மக்கள்தொகை, பட்டியல் சாதியினர் எண்ணிக்கை, படித்தவர்கள், சொந்த விவசாயிகள், விவசாயக் கூலிகள் என்ற விவரங்கள் இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த அட்டவணைக்கு ஊரும் சேரியும் ஒரே வருவாய் கிராமம், ஒரே வரி. 'குழாய்த் தண்ணீர் உண்டு' என்று இருந்தால் ஊரில் எங்கோ குழாய் இருக்கிறது என்றுதான் பொருள். சேரிக்குள் வந்ததா என்று அந்த வரி சொல்லாது. அந்த இடைவெளியை நாமே தெருத்தெருவாகப் போய் எண்ணி நிரப்ப வேண்டும். அரசின் வரியையும் நம் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மனு பாதி எழுதியாகிவிட்டது.

இன்னும் சில அட்டவணைகளையும் இப்படியே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பட்டியல் சாதியினர் என்ற எண்ணில் தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வன்கொடுமை எண்கள், பதிவான வழக்குகளை மட்டும் சொல்கின்றன. ஒரு மாவட்டத்தில் எண் குறைவாக இருந்தால் கொடுமை குறைவு என்றும் இருக்கலாம், காவல் நிலையம் புகாரை வாங்கவில்லை என்றும் இருக்கலாம். தண்டனை எத்தனை வழக்கில் கிடைத்தது என்ற பத்தியையும் சேர்த்துப் பாருங்கள்.

சரியாகப் பிடித்தால் அரசின் எண்ணே அரசுக்கு எதிரான சாட்சியாகும். மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-லேயே வந்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் உச்ச நீதிமன்றம் போனபோது, எங்களிடம் அப்படி யாருமில்லை என்று பல மாநிலங்கள் சொல்லின. 2011 வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்பு கழிப்பறை வகையைக் கேட்டது. மனிதர் கையால் சுத்தம் செய்யும் கழிப்பறைகள் நாட்டில் 7.94 லட்சம் என்று பதிவானது. கழிப்பறை இருந்தால் அள்ளுகிறவர் இருந்தாக வேண்டும். 2013-ல் புதிய சட்டமும் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. அதே அட்டவணையில் தமிழ்நாட்டின் வரியை நீங்களே திறந்து பாருங்கள்.

நிலமும் அப்படித்தான். 2011 கணக்கில் நாட்டு மக்களில் நாம் 16.6 சதவீதம். வேளாண் கணக்கெடுப்பில் நம் கையில் உள்ள சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்துக்கும் கீழே. தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் நாம் 1.44 கோடி, அதாவது 20 சதவீதம். துணைத் திட்ட நிதியை மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்த 20-தான் அடிப்படை. வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும்போது இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் எண்ணை எழுதும்போது ஆண்டு, அட்டவணையின் பெயர், பக்கம் மூன்றையும் எழுதுங்கள். இணைய முகவரிகள் மாறும், ஆகவே கோப்பை இறக்கிச் சேமித்துவிடுங்கள். கிராம சபையிலும் தகவல் உரிமை மனுவிலும் இப்படிக் கொடுத்த எண்ணை அதிகாரி எளிதில் தள்ளிவிட முடியாது.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011-க்குப் பின் பிறந்த நம் குழந்தைகள் எந்த சென்சஸ் கணக்கிலும் இல்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1931-க்குப் பின் முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். விவரங்களைக் கைப்பேசியில் பதியப் போகிறார்கள், நாமே இணையத்தில் பதியவும் வழி உண்டு. படித்த நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. கணக்கெடுப்பவர் சேரிக்கு வரும் நாளில் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். என்ன கேட்கிறார், என்ன பதிகிறார் என்று பாருங்கள். கடைசித் தெருவின் கடைசி வீடு வரை வந்தாரா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். விட்டுப்போன வீட்டுக்கு அடுத்த பத்தாண்டுக்குக் கணக்கில் இடமில்லை.

ஜெய்பீம்.