வைத்திருந்த குற்றம்

2019ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 27 அன்று வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 10, 12 ஆகிய இரண்டு நாட்களில், மலேசியப் போலீஸின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு பன்னிரண்டு தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள்: நெகிரி செம்பிலானின் பி. குணசேகரன், மலாக்காவின் ஜி. சாமிநாதன். ஒருவர் அரசு நிறுவனமொன்றின் தலைமை நிர்வாகி. செய்திகள் எல்லாம் இவர்களைச் சுற்றியே ஓடின. பட்டியலில் கொஞ்சம் கீழே ஒரு பழைய இரும்பு வியாபாரி இருந்தார். எனக்கு அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த மாதிரி ஆளை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், நாகூர் என்று எங்கே போய்க் கேட்டாலும் 'மலேயாக்காரர் வீடு' என்று ஒன்றைக் கை காட்டுவார்கள். முஸ்லிம் தெருக்களில் கடல் தாண்டிப் போனவருக்குச் சபுராளி என்று பெயர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் சேர்த்த ஆட்களைக் கப்பல் வரும்வரை தங்க வைத்த டிப்போக்கள் இரண்டு. ஒன்று ஆவடியில், இன்னொன்று இதே நாகப்பட்டினத்தில். காவிரி பாய்கிற ஊரை விட்டு ஏன் போனார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. நெல் விளைந்தது, வாஸ்தவம். ஆனால் நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் நிலம் இல்லை. 1938ல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. வியாபாரத்துக்கும் சொந்தபந்தத்துக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தபோது அந்தக் கடல்வழிக்கதை முடிந்தது.

அந்தப் பக்கம் தோட்டங்களும் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது. லயத்து வீட்டை விட்டு நகரத்துக்குத் துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் காவலாளி ஆனார்கள், லாரி ஓட்டினார்கள், முடிதிருத்தும் கடை வைத்தார்கள், பழைய இரும்பு எடுத்தார்கள். பெரிய முதல் வேண்டாம். ஒரு லாரி, ஒரு தராசு, ஒரு கொட்டகை. ஆனால் ஆள் நேரில் நிற்க வேண்டிய தொழில் அது. முதலாளி ஒரு மாதம் இல்லையென்றால் சரக்கு வேறு கொட்டகைக்குப் போய்விடும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், அரசியல் மேடையில் கோபம் ஏறினால் 'பெண்டாத்தாங்' என்று ஒரு மலாய்ச் சொல் வந்து விழும். வந்தேறி என்று அர்த்தம். குடியுரிமை அட்டை பையில் இருக்கும்போதே ஒருவர் குடியேறியாகவும் இருக்கலாம் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

சரி, இவர்கள் மேல் இருந்த ஆதாரம் என்ன? 2018 நவம்பரில் மலாக்காவில் நடந்த மாவீரர் நாள் நிகழ்ச்சி ஒன்று. கைபேசிகளிலும் முகநூலிலும் இருந்த பிரபாகரன் படங்கள். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் கட்சிக் கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தால் அதே முகம் பத்தடி உயரத்தில் நிற்கும். கீழே டீக்கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். இத்தனைக்கும் இந்தியாவில் அந்த இயக்கத்துக்கு 1992லிருந்து தடை. மலேசியா அதைப் பயங்கரவாத இயக்கம் என்று பட்டியலிட்டதே 2014ல்தான், இயக்கம் முள்ளிவாய்க்காலில் அழிந்து ஐந்து வருடம் கழித்து.

பிடித்த சட்டத்துக்கு சோஸ்மா என்று பெயர். 2012ல் வந்தது. விசாரணைக்கென 28 நாள் வைத்திருக்கலாம். வழக்குப் போட்ட பிறகு அதன் 13ஆவது பிரிவு ஜாமீனை அடைத்துவிடும். இந்தச் சட்டத்துக்கு ஒரு தகப்பன் உண்டு, ஒரு பாட்டன் உண்டு. பாட்டனைப் பார்க்கத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தம்பிக்கோட்டை. 1912ல் அங்கே பிறந்தவர் எஸ்.ஏ. கணபதி. சிறு வயதிலேயே சிங்கப்பூருக்குப் போனவர். ஜப்பான் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். போர் முடிந்த பிறகு தொழிற்சங்கம். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக 1947ல் வந்தார். சீனத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக இருந்த ஓர் அமைப்புக்குத் தமிழர் ஒருவர் தலைவர். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம், இன்றைய மலேசிய அரசியலில் இது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு உறைக்கும்.

1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. சில நாட்களில் மலாயா முழுக்க அவசரநிலை. அது போர்தான், ஆனால் போர் என்று சொல்லிவிட்டால் லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நஷ்டஈடு தராது என்பதால்தான் 'அவசரநிலை' என்று பெயர் வைத்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவதுண்டு. காட்டுக்குள் போனவர்களை முதலில் கொள்ளையர் என்றே அரசு எழுதியது. 1952லிருந்து 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்பது அதிகாரபூர்வச் சொல் ஆனது.

அவசரநிலை விதிகளில் ஒன்று, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. சுட்டாரா, யாரையாவது சுட நினைத்தாரா, எதுவும் கேட்க வேண்டாம். கையில் இருந்ததா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. ஏன் இருந்தது என்று நிரூபிக்கிற வேலை பிடிபட்டவருடையது.

1949 மார்ச்சில் ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கணபதி பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. வழியில் கிடைத்ததைப் போலீஸில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் நம்பவில்லை. அதே மாதத்தில் தூக்குத் தண்டனை. மேல்முறையீடு போனது, கருணை மனு போனது, இந்திய அரசும் கேட்டுப் பார்த்தது. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு மாதம் சொச்சம். எங்களூர்ப் பக்கம் ஒரு குறுவை நட்டு அறுக்க அதைவிட அதிக நாள் ஆகும். அதற்கு முந்தைய நாள், அதே மண்ணிலிருந்து போன இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு தேதியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1949 ஏப்ரல் 28 அன்று லண்டன் பிரகடனம் வெளியானது. குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் இந்தியா இருக்கும் என்பதற்கான ஒப்பந்தம் அது. நேரு அப்போது லண்டனில் இருந்தார். அந்த மை காய்ந்து ஆறு நாளில் கணபதியைத் தூக்கில் போட்டார்கள். பிரிட்டிஷ் அரசு வேண்டுமென்றே அப்படிச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒரு ஆள் இருப்பது நினைவிலாவது இருந்தது என்றாகும்.

கணபதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அவர் அப்பாவி, கம்யூனிஸ்டே இல்லை என்று நிறுவப் பார்ப்பார்கள். தேவையில்லை. அவர் கம்யூனிஸ்டுகளோடு நின்றவர், அவர் தலைமை தாங்கிய சம்மேளனத்தில் கட்சியின் பிடி இருந்தது. ஆனால் அவர் மேல் இருந்த வழக்கு அதுவல்ல. யாரையும் கொன்றதாக வழக்கில்லை. வைத்திருந்தார், அதற்குத்தான் கயிறு. டெல்டாவில் அவர் பெயரை நினைவு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள். அவரோடு பழகி, சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய வாட்டாக்குடி இரணியனை 1950ல் இங்கே நம் போலீஸே சுட்டுக் கொன்றது. அந்தப் பெயரில் 1999ல் முரளி நடித்த ஒரு படம் வந்ததால் இரணியனை நாலு பேருக்குத் தெரியும். கணபதிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

கணபதி தூக்கிலிடப்பட்ட நாட்களில் இன்னொரு தமிழர் அதே விதியின் கீழ் மாட்டியிருந்தார். பெயர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டவர். அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டு: துப்பாக்கி வைத்திருந்தது, தோட்டா வைத்திருந்தது. அக்காலத்தில் நீதிபதிக்குப் பக்கத்தில் அசெஸர்கள் என்று பொதுமக்கள் இருவர் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். முதல் விசாரணையில் இருவருமே இரண்டு குற்றமும் இல்லை என்றார்கள். தோட்டா விஷயத்தில் நீதிபதி ஒத்துக்கொண்டார், துப்பாக்கி விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு மறுவிசாரணை. மறுவிசாரணையில் சாம்பசிவம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலத்தை அரசுத் தரப்பு எடுத்து வைத்தது. துப்பாக்கியும் தோட்டாவும் என்னிடம் இருந்தன என்று அதில் இருந்தது. தோட்டா வழக்கில் இவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைப் புதிய அசெஸர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கு விதித்தாயிற்று.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950ல் தீர்ப்பு. ஒரு நீதிமன்றம் ஒருவரை ஒரு குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டால், அடுத்து எந்த விசாரணையிலும் அவர் அதைச் செய்யவில்லை என்பதே முடிந்த உண்மை. தோட்டா பற்றிய பகுதி பொய்யாகிவிட்ட வாக்குமூலத்தை, அதைச் சொல்லாமல் வைத்துத் தூக்குக்கு அனுப்ப முடியாது என்று தண்டனையை ரத்து செய்தார்கள். சாம்பசிவம் பிழைத்தார். தமிழில் அவரைப் பற்றி அதிகம் படித்ததில்லை; ஆனால் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு அவர் பெயர் பாடம். நம் உச்ச நீதிமன்றம் 1956லேயே ஒரு பஞ்சாப் கொலை வழக்கில் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தது. சட்டப் புத்தகத்தில் 'சாம்பசிவம்' என்று பார்க்கும்போது யாரோ பெரிய வக்கீல் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கலாம்.

ஒருவருக்கு இரண்டு மாதத்தில் கயிறு. இன்னொருவருக்கு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி யாரோ கோப்பைப் பிரித்து முழுசாகப் படித்ததால் உயிர். அதே விதி, அதே வருடங்கள். குற்றத்தைப் பிடிபட்டவரே இல்லையென்று காட்ட வேண்டிய சட்டத்தில், யார் படிக்கிறார் என்பதுதான் எல்லாம்.

அவசரநிலை 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. அடுத்த நாள், ஆகஸ்ட் 1, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒருநாள்கூட இடைவெளி கிடையாது. விசாரணையே இல்லாமல் இரண்டு வருடம் அடைக்கலாம், அதை நீட்டிக்கொண்டே போகலாம். 2007 நவம்பரில் இண்ட்ராஃப் இயக்கம் கோலாலம்பூரில் பெரும் பேரணி நடத்தியது. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவரை இந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். அப்போதும் புலித்தொடர்பு என்று பேச்சு கிளம்பியது. நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் நிரூபிக்கவும் இல்லை. 2012ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதன் இடத்தில் சோஸ்மா.

இப்போது அந்தப் பன்னிரண்டு பேருக்குத் திரும்பலாம். தீபாவளி உள்ளேயே கழிந்தது. அக்டோபர் கடைசியில் வழக்குப் பதிவு. நவம்பர் 29 அன்று, சாமிநாதன் போட்ட மனுவில், 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் கசாலி சொன்னார். (பிறகு முன்னாள் பிரதமர் நஜிப்புக்குச் சிறைத்தண்டனை கொடுத்தவரும் இவரே.) இருந்தும் சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. பொங்கலும் போனது.

2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் பன்னிரண்டு பேர் மேலிருந்த எல்லா வழக்குகளையும் கைவிட்டார். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இருக்கிற ஆதாரத்தில் தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை. ஒருவர் தன் நாயகனின் படத்தைக் கைபேசியில் வைத்திருப்பதாலேயே பயங்கரவாதி ஆகிவிட மாட்டார். உலகமெங்கும் எத்தனையோ பேர் சே குவேராவையும் மாவோவையும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சொல்லப்பட்ட இயக்கமோ 2009லேயே தோற்கடிக்கப்பட்டுவிட்டது.

துப்பாக்கி, தோட்டா, கடைசியில் படம். எழுபது வருடத்தில் கையிலிருந்து பிடிக்கும் பொருள் இப்படித் தேய்ந்து வந்திருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. இந்த முறையும் ஒருவர் கோப்பைப் படித்தார். ஏழே நாளில், பிப்ரவரி 28 அன்று, ஆட்சி கவிழ்ந்த களேபரத்தில் டோமி தாமஸ் பதவி விலகிவிட்டார். அந்தக் கோப்பு இன்னும் பத்து நாள் மேசையில் கிடந்திருந்தால் அந்தப் பழைய இரும்பு வியாபாரி எப்போது கொட்டகை திறந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெளியே வந்தவர்களை வரவேற்க மாலையோடு ஆட்கள் இருந்தார்கள். நாலு மாதமாகக் கைவிட்டுப் போன சரக்கையும் வாடிக்கையையும் மாலை திருப்பிக் கொண்டுவராது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு வேறு.

28 நாள் காவலை ஐந்து வருடத்துக்கொரு முறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும் என்று சோஸ்மாவிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2022 மார்ச் 23 அன்று அது ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 86. தோற்றுப்போனது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போது நிறைவேறிவிட்டது.