யாழ் நூலாசிரியரும் நுண்ணாய்வுத் தொழிலும்

ஆராய்ச்சி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் கண்ணாடிக் குழாய்களும் தராசுகளும் நிறைந்த ஆய்வுகூடமொன்றே மாணவர் மனத்தில் தோன்றுகின்றது. அத்தகைய கூடங்கள் பெருநகரங்களிலும் மேனாடுகளிலுமே மிகுதியாக உள்ளமையால், ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளுதல் தம்மூரவர்க்கு எட்டாத பேறென்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். கருவிகள் ஆராய்ச்சிக்குத் துணையாவன; அவையே ஆராய்ச்சி ஆகா. ஒரு பொருளை உள்ளவாறு அளத்தல், அளந்ததை ஐயத்திற்கிடமின்றிக் கூறுதல், கூறியதைப் பிறர் மீண்டும் அளந்து பார்க்க வழிவிடுதல் என்னும் மூன்றுமே நுண்ணாய்வின் உயிர்நிலைகளாம்.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்த வாழ்க்கையொன்று மட்டக்களப்பு நாட்டிலேயே தோன்றி வளர்ந்தது. யாழ் நூல் இயற்றிய சுவாமி விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கையே அது. அடிகளாரைத் துறவியாகவும் கவிஞராகவும் கல்வியாளராகவும் போற்றுவார் பலர். அவரை நுண்ணாய்வாளராக நோக்கி, அத்தொழிலுக்கு வேண்டிய திறன்களை அவர் எவ்வாறு ஈட்டினார் என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி ஓசையாராய்ச்சியாளருக்கு நெடுங்காலமாகவே ஒரு வினாவை விடுத்து வந்துள்ளது. நிலவெறிக்கும் அமைதியான இரவுகளில் வாவியின் சில இடங்களில் நீருள்ளிருந்து இன்னோசை எழுவதாக மக்கள் கூறுவர். மீன் பாடும் தேனாடு என இந்நாடு வழங்கப்படுவதும் அது பற்றியே. இலங்கை அரசின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் என்பார் 1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இங்கு வந்து அவ்வோசையைக் கேட்டு, பின்னர்த் தாம் எழுதிய நூலில் அதனை விவரித்துள்ளார். அவர் செய்த முறை கருதத்தக்கது. முதலில் மீனவரை வினவினார். அவர்கள் அதனை ஊரியின் ஓசை என்றனர். பின் இரவிலே தோணியேறிச் சென்று ஓசை கேட்கும் இடத்தையும் கேளாத இடத்தையும் வேறுபடுத்தினார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகுதலைக் கண்டு, அது நீரினின்றே வருகின்றதெனத் துணிந்தார். உயிருள்ள ஊரிகளையும் பெற்று நோக்கினார். எனினும், ஓசை நீருள் எழுவது தாம் கண்டறிந்த செய்தியென்றும், ஊரியே அதற்குக் காரணமென்பது ஊகமென்றும் கொள்ளுமாறே எழுதினார். கண்டது வேறு, கருதியது வேறு எனப் பிரித்துணர்தல் நுண்ணாய்வின் முதற்படி.

இதே வாவியோசையை நீரரமகளிரின் இசையாகச் செய்யுளிற் பாடியவர் விபுலாநந்த அடிகளார். ஆயினும் இசையை ஆராயப் புகுந்தபோது அவர் கற்பனையை ஒருபுறம் வைத்து எண்ணைக் கைக்கொண்டார். அங்ஙனம் செய்தற்குரிய பயிற்சி அவருக்கு இளமை தொட்டே வாய்த்திருந்தது. 1892 ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். அதன்பின் கொழும்பிலே தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். ஒரே ஆண்டில் ஒருவர் இவ்விரு பரீட்சைகளிலும் தேறியமை வெறும் வியப்புக்குரிய செய்தியன்று. பிற்காலத்து யாழ் நூலின் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டத்தையும் பெற்றார். பகலிற் கற்பித்து எஞ்சிய பொழுதிற் கற்ற ஆசிரியர் ஒருவரின் வெற்றி அது.

1922 ஆம் ஆண்டில் அவர் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். இசைத்தமிழ் ஆராய்ச்சியில் அவர் ஆழ்ந்ததும் அக்காலந்தொட்டேயாம். அவ்வாராய்ச்சி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்திய காலத்தும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும் அவர் அதனைக் கைவிட்டாரல்லர்.

அவர் எடுத்துக்கொண்ட பொருளின் அருமையை நோக்குவோம். யாழ் என்னும் கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் நாட்டில் வழக்கொழிந்து போயிற்று. அழிந்த கருவியை மீட்டல் எங்ஙனம்? மெசொப்பொத்தேமியாவிலே ஊர் என்னும் பழைய நகரை 1922 முதல் 1934 வரை அகழ்ந்த லெனாட் வூலி என்னும் ஆராய்ச்சியாளர், அங்கே நரம்புக் கருவிகளின் மரம் உக்கிப்போய், மண்ணிலே அதனிடம் மட்டும் வெற்றுத் துளையாய் எஞ்சியிருத்தலைக் கண்டார். அத்துளையிற் சாந்துக் குழம்பை ஊற்றி இறுகச் செய்து, கருவியின் வடிவத்தை அவ்வாறே எடுத்தார். தமிழ் யாழுக்கோ அத்தகைய துளையும் எஞ்சவில்லை, எஞ்சியவை சொற்களே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனது அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளும், அவற்றுக்குப் பழைய உரையாசிரியர் எழுதிய விளக்கங்களுமே அடிகளார்க்குக் கிடைத்த முதற்சான்றுகள். வூலிக்குத் துளை எவ்வாறோ, அடிகளார்க்குச் சொல் அவ்வாறாயிற்று.

சொல்லே சான்றாகுமிடத்து அச்சொல் பிழையற்றதாதல் வேண்டும். பேரியாழுக்கு நரம்பு இருபத்தொன்று, மகர யாழுக்குப் பத்தொன்பது, சகோட யாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என அடியார்க்குநல்லார் உரையால் அறிகின்றோம். ஏடெழுதுவோர் கையில் ஓர் எழுத்துப் பிறழினும் ஓரெண் மாறும். ஓரெண் மாறின் கருவியே மாறும். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டது 1892 ஆம் ஆண்டிலாம். அடிகளார் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. பதிப்பாசிரியர் ஒருவரது நுண்மை, பின்வந்த ஆராய்ச்சியாளர் ஒருவரது நுண்மைக்கு அடிப்படையாயிற்று. ஏடு பார்த்தலும் பாடம் ஒப்புநோக்கலும் துலாக்கோல் பிடித்தற்கு எவ்வாற்றானுந் தாழ்ந்தன அல்ல என்பது இதனாற் புலனாகும்.

இனி, அவ்வாராய்ச்சியின் கணக்கு எத்தகையதெனக் காண்போம். தந்தியின் இறுக்கம் மாறாதிருக்க அதன் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும். குரல் என்னும் முதல் நரம்பு வினாடிக்கு 240 முறை அதிர்வதாகக் கொள்வோம். அதற்கு ஐந்தாம் நரம்பாகிய இளி 360 முறை அதிரும். அவ்விளியைக் குரலாகக் கொண்டு அதற்கு இளி காணலாம். இவ்வாறு பன்னிரண்டு முறை சென்று, மேலெழுந்தவற்றை இரண்டால் வகுத்து வகுத்து ஒரே மண்டிலத்துட் கொணர்ந்தால், தொடங்கிய 240 க்கே மீளுதல் வேண்டுமென்று தோன்றும். மீள்வதில்லை, 243.27 என்னும் எண்ணையே அடைகின்றோம். இம்மூன்றேகால் அதிர்வு சிறிதெனத் தள்ளத்தக்கதன்று. இரு நரம்பையும் ஒருங்கே மீட்டினால் வினாடிக்கு மும்முறை ஓசை எழுந்து தணிதலைப் பயின்ற செவி எளிதில் உணரும்.

பழந்தமிழ் இசைநூலார் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்தனர். கூட்ட 22 ஆகும். இருபத்திரண்டும் ஒத்த அளவினவாயின், குரலுக்கு மேல் பதின்மூன்றாம் மாத்திரையில் நிற்கும் இளி 360 க்குப் பதிலாக 361.5 அளவில் அதிரும், இசை பிறழும். ஆகவே அவை ஒத்த அளவின அல்ல என்பது கணக்கினாலேயே பெறப்படும். ஒவ்வொன்றின் அளவும் யாது, நரம்புகள் இடம் பெயரும்போது பாலைகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றினின்று பண்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பவற்றை முறையே நிறுவிச் செல்வதே யாழ் நூலின் நெறி. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என அந்நூல் ஏழியல்களாய் அமைந்தமையும் அவ்வொழுங்கைக் காட்டும். முன்னியலில் நிறுவப்பட்டதே பின்னியலுக்கு அடிப்படையாதலின், இடையில் ஓர் எண் தவறின் மேலுள்ள மாடமெல்லாஞ் சாயும்.

இத்துறையில் அடிகளார்க்கு முன்னோடியாய் விளங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவராய்ப் பொருளீட்டி அப்பொருளை இசையாராய்ச்சிக்கே செலவிட்ட அவர், 1917 ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். மண்டிலத்துள் அடங்குவன ஒத்த அளவினவாகிய 24 சுருதிகளே என்பது அவர் துணிபு. 22 என்னும் மரபெண்ணையே அடிகளார் கொண்டார். இருவருந் தமிழிசைக்கே உழைத்தனர். இருவருந் தத்தம் எண்களை வெளிப்படையாய் எழுதிவைத்தனர். எண்கள் வெளிப்படையாயுள்ளமையினாலேயே எவர் கூற்று எங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தவில்லை என இன்றும் நாம் ஆராயக்கூடியதாயிருக்கின்றது. புகழ்ச்சியினாலும் இகழ்ச்சியினாலுந் தீராத வழக்குக் கணக்கினாலே தீரும்.

கணக்கோடு நின்றிருந்தால் யாழ் ஏட்டிலேயே இருந்திருக்கும். அடிகளாரது ஆராய்ச்சியின்படி யாழ்கள் மரத்தாலும் நரம்பாலுஞ் செய்விக்கப்பட்டன. 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியபோது, அக்கருவிகள் ஊர்வலமாய்க் கொண்டுவரப்பட்டு அவைமுன் இசைக்கப்பெற்றன. நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உடல் நலிந்திருந்த நிலையிலும் அவ்விழாவிற் கலந்துகொண்ட அடிகளார், ஒன்றரைத் திங்கள் கழியுமுன் ஜூலை 19 ஆந் திகதி மறைந்தார். அவரது திருவுடல் மட்டக்களப்பிற் கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனைப் பிறர் ஆராய்ந்து வினவ, இருந்து விடை கூறும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவில்லை. அப்பணி பின்வந்தோர் பொறுப்பாயிற்று.

இவ்வரலாற்றினின்று நுண்ணாய்வுத் தொழிலை நாடுவோர் அறியத்தக்கன பல. முதலாவது, கணிதம். அஃது எண்களை மனனஞ் செய்தல் அன்று. ஒரு கொள்கையை எண்ணாக்கி அது நிற்குமா வீழுமா எனச் சோதிக்குந் துணிவு. இரண்டாவது, மொழிப்புலமை. தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகியவற்றில் அடிகளார்க்கிருந்த தேர்ச்சியே பல நாட்டுச் சான்றுகளை அவர்முன் கொணர்ந்தது. 1936 ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை வகித்ததும் இங்கு நினைக்கத்தக்கது. சொல் நுண்ணிதாகாதவிடத்துக் கருத்து நுண்ணிதாகாது. மூன்றாவது, புலன்களின் பயிற்சியும் கைத்திறனை மதிக்கும் மனப்பான்மையும். கருவி செய்யுங் கம்மியனது உளிமுனையிலும் அளவுண்டு. நான்காவது, பொறுமை. ஐந்தாவது, தன் முடிவு பிறராற் சோதிக்கப்படுதலை வரவேற்கும் நேர்மை. இவற்றுள் எதுவும் செல்வர்க்கோ நகரத்தார்க்கோ மட்டும் உரியதன்று.

ஆராய்ச்சி வயிற்றை நிரப்புமா என்னும் வினாவும் எழும். பெற்றோர் கேட்கும் அவ்வினா நியாயமானதே. அடிகளாரைத் தாங்கியவை ஆசிரியத் தொழிலும் துறவுச் சங்கமும் பல்கலைக்கழகப் பதவிகளுமாம். பண்டிதரைத் தாங்கியது மருத்துவம். இன்றோ நுண்மையையே தொழிலாகக் கொண்ட துறைகள் பலவுள. நில அளவை, மருந்துப் பகுப்பு, நிறுத்தல் அளத்தற் கருவிகளின் சோதனை, ஒலிப்பதிவு, ஏடுகளை எண்முறையிற் பேணுதல், வாவி நீரின் உப்புச் செறிவையும் உயிரினங்களையும் கணித்தல் ஆகிய யாவும் அவ்வினத்தனவே. வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் அதன் அங்கமாய் அடிகளார் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. வாயில்கள் அக்காலத்தினும் பெருகியுள்ளன.

ஆயினும் ஒரு குறையுண்டு. உயர்தர வகுப்பை அடைந்தவுடன் மாணவரைக் கலைப்பிரிவென்றும் கணிதப்பிரிவென்றும் பிரித்துவிடுகின்றோம். இலக்கியங் கற்பவன் பின்னத்தை மறந்துவிடுகின்றான். பௌதிகங் கற்பவன் சிலப்பதிகாரத்தைத் திறந்தும் பாரான். பண்டிதர் பரீட்சையையும் விஞ்ஞானப் பரீட்சையையும் ஒரே ஆண்டில் எழுதிய ஒருவரது சிலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகின்றோம். அவர் நூலின் கணக்கைச் செய்து பார்ப்பவர் மிகச் சிலர். தமிழாசிரியர் அதனைக் கணிதமென்று விடுக்க, கணித ஆசிரியர் தமிழென்று விடுக்க, நூல் அலுமாரியில் உறங்குகின்றது.

இந்நிலையை மாற்றுதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பலகையும், இரண்டு தந்தியும், ஓர் அளவுகோலும் போதும். அடிகளார் காலத்தில் அரிதாயிருந்த அதிர்வெண் அளக்கும் வசதி இன்று கைத்தொலைபேசியிலேயே அமைந்துள்ளது. பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரு பிற்பகல் ஒன்றுகூடி, மாணவரைக் கொண்டு குரலையும் இளியையும் அளப்பித்து, இளிமுறையே பன்னிரண்டு நிலைகளையுங் கணித்து, முடிவை யாழ் நூலின் எண்களோடு ஒப்பிடலாம். பொருந்தினால் அடிகளாரது கணக்கைத் தாமே கண்டறிந்தோராவர். பொருந்தாவிடின், பிழை தம் அளவையிலா நூலிலா எனத் தேடத் தொடங்குவர். அவ்வாறு தேடத் தொடங்கும் மாணவன் எப்பிரிவிற் பயின்றாலும் நுண்ணாய்வுத் தொழிலின் முதல் நாளை அன்றே கழித்தவனாவான்.