தட்டுக்கு முந்திய ரசனை: மட்டக்களப்பு வாவிக்கரையில் இசையும் ஒலிப்பதிவும்

இசைத்தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எது உயர்ந்தது என்று வாதாடுவது நகரத்து ரசிகர்களின் பழக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், அதே வாதம் தட்டே இல்லாமல் நடந்துவந்திருக்கிறது. வவுணதீவு, கன்னன்குடா முதலான ஊர்களில் கூத்துப் பார்க்க வருபவருக்குக் கதை புதிதல்ல. கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரின் மத்தளம் களரியைத் தூக்கி நிறுத்தியது, யாருடைய வரவுப் பாட்டு சோபிக்கவில்லை என்பதுதான் மறுநாள் பேச்சு. இப்பகுதியில் இசை ரசனை ஒலிப்பதிவுக்கு வெகு முன்பே முதிர்ந்துவிட்டது. பதிவுசெய்ய வந்தவர்களோ அந்த ரசனையைக் கேட்டுத் தெரிவுசெய்யவில்லை. அதனால் சொல் ஏட்டிலும் அச்சிலும் தங்கியது, ஓசை பெரும்பாலும் தங்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த ரசனையின் முதல் பிரிகோடு வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகள். வடமோடியில் ஆட்டம் வலுவானது. பாரதப் போர்க்கதைகளும் கனத்த முடியும் அதற்குப் பொருந்தும். தென்மோடியில் பாட்டை இழுத்து, இசைநயம் தெரியப் பாட வேண்டும், தாளக்கட்டும் நுணுக்கமானது. ஒரு கூத்து, ஆடுவோருக்குப் பாடத்தைப் பகிரும் சட்டம் கொடுப்பதில் தொடங்கி, சதங்கை அணிந்து, அரங்கேறும்வரை மாதக்கணக்கில் பழகப்படும். அந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஊரார் காதும் பழகிவிடும். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பாட்டின் அடுத்த அடி தெரியும். பிசகினால் உடனே தெரியும். இப்படி ஒரு கறாரான கேட்போர் கூட்டத்தை எந்த இசைத்தட்டுக் கம்பனியும் உருவாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் செல்வத்தைத் தேடி முதலில் வந்தது அச்சு. தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகத்தை நூலாக்கினார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. இவை இல்லாவிட்டால் இன்று ஆராய்வதற்கே பொருள் குறைந்திருக்கும். ஆனால் வசந்தன் ஆட்டம் அச்சில் வெறும் செய்யுள். கோலடிக்கும் சிறுவர்களின் கால் அதில் இல்லை. வித்தியானந்தன் இதை உணர்ந்தவர்போலும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். வெளியூர்க்காரர் பலருக்கு மட்டக்களப்புக் கூத்து என்றால் இந்தச் சுருங்கிய வடிவமே நினைவுக்கு வந்தது.

இதே காலத்தில் மட்டக்களப்பின் வேறொரு பாடகனான பாடும்மீனுக்கு ஒலிப்பதிவுக் கருவி கிடைத்தது. 1848இல் வாவியில் படகேறிக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நீருக்கடியிலிருந்து வரும் ஓசையைத் தம் நூலில் விரிவாக எழுதியிருந்தார். மீனவர்கள் அதை ஊரி என்னும் சிப்பியின் ஒலி என்றார்களாம். விபுலாநந்த அடிகளும் அந்த இசையைப் பாடினார். அது நாடாவில் பதிவாகி 1960களில் இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடும்மீன் மீது எனக்குக் குறையில்லை. அதற்குக் கிடைத்த கருவி படுவான்கரை அண்ணாவிமாருக்கும் அப்போதே கிடைத்திருக்கலாம்.

நகர்ப்பக்கத்தில் கதை இன்னும் விந்தையானது. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டி ஆண்டது பத்தாண்டுகள்தான். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். ஆயினும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி நிலைத்தது, அதோடு கஃப்ரிஞ்ஞாவும். கலியாண வீட்டில் வயலின் முன்செல்ல, ரபான் தட்ட, நாலடிப் பாட்டுகளுக்கு இணை இணையாக ஆடுவார்கள். நம் கணக்கில் அது திஸ்ர நடைக்கு நெருங்கிய துள்ளல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹியூ நெவில் என்ற அதிகாரி திரட்டிய மட்டக்களப்புப் பறங்கியர் பாடல்களின் கையெழுத்துப்படி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்த கென்னத் டேவிட் ஜாக்சன் 1990இல் நூல் வெளியிட்டார். இலங்கையின் கஃப்ரிஞ்ஞாவும் அதன் வழியில் வந்த பைலாவும் அடங்கிய குறுந்தட்டு 1998இல் வந்ததும் போர்த்துக்கலில்தான்.

இந்தத் துள்ளல் தீவின் கரையோரங்களில் ஏற்கெனவே பரவியிருந்தது. 1940களில் வொலி பஸ்தியான் அதைச் சிங்கள பைலாவாக மக்களிடம் கொண்டுசேர்த்தார். பின்னர் அதே தாளம் தமிழ்ப் பொப்பிசைக்கு ஏறியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டுக்கும் கால் தானாக ஆடுவது அதனால்தான். ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளும் புகுந்தது. திருகோணமலை எம். பி. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ பைலா வழியில் போகாத மெல்லிசை. கிழக்கு மாகாணக் குரல் தட்டில் ஏறியதற்கு அது சான்று. மட்டக்களப்பு ரசிகர்கள் இவற்றையெல்லாம் வானொலியில் வந்த புதுமையாகக் கொண்டாடினார்கள். அந்தத் தாளத்தின் பழைய வீடுகளில் ஒன்று தங்கள் நகரத்துப் பறங்கியர் தெருக்களிலேயே இருந்ததைப் பொருட்படுத்தியவர் சிலரே. பறங்கியர் இசை கம்பனிக்கும் வானொலிக்கும் வெளியே, வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தது. சுயாதீன இசை என்று இன்று சொல்லப்படுவதற்கு இதைவிடப் பழைய உதாரணம் இலங்கையில் அரிது.

பிறகு ஒலிநாடா. போர்க்காலத்தில் வவுணதீவு, இராணுவத்தின் நகரத்துக்கும் புலிகளின் படுவான்கரைக்கும் நடுவே சோதனைச் சாவடியாக அறியப்பட்டது. புலி இயக்கத்தின் எழுச்சிப் பாடல்கள் நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியாகிப் பரவின. நகரத்தில் அவற்றை வீட்டில் வைத்திருக்க அஞ்சினார்கள். தலைமறைவு இசை என்ற சொல் இங்கே உவமையாக இருக்கவில்லை. அவற்றின் இசையமைப்போ திரைப்பாட்டின் வழியை ஒட்டியது. இயக்கத்தின் அரசியலை ஏற்பதோ மறுப்பதோ வேறு விடயம். அந்த நாடாக்களும் ஒரு காலத்தின் செவியைக் காட்டுபவை.

2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பு நகரின் டச்பார் கரையோரத்தில் பறங்கியர் பலரைக் கொண்டுபோன பின்னர் கஃப்ரிஞ்ஞாவை முறையாகப் பதிவுசெய்யும் அவசரம் கூடியது. ஊகோ கார்டோசோ, மகேஷ் ராதாகிருஷ்ணன் முதலானோர் பதிவுசெய்த பேச்சும் பாட்டும் இப்போது எலார் என்னும் அழியும் மொழிகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. கூத்துக்கு வேறு வழி பிறந்தது. சி. ஜெயசங்கர் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினார். பதிவைவிட ஆடுவதும் ஆடியதைப் பற்றி ஊரே பேசுவதும் அதில் முதன்மை பெற்றன.

இன்று அரங்கேற்றங்களைக் கைபேசியில் பிடிக்கிறார்கள். மத்தளத்துக்கு அருகே நின்று எடுத்தால் பிற்பாட்டு அமுங்கிவிடும். தள்ளி நின்றால் ஒலிபெருக்கியின் இரைச்சல். வடமோடி ஆட்டத்துக்கு அந்தப் படம் ஓரளவு போதும். தென்மோடிக்கு அண்ணாவியாருக்கும், பிற்பாட்டுக்காரருக்கும், சல்லரிக்கும் தனித்தனி ஒலிவாங்கி வேண்டும். எந்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.